44-ஐ எண்ணிக்கையோடு பெருக்கினால் ஏன் தப்பு? பத்தாம் வகுப்பு மோல் கணக்கில் ஒரு சந்தேகம்

மழைத்தூறல் | ஞாயிறு இரவு 9.42

வணக்கம். நான் பி.காம். படிச்சவ. வேதியியல் எனக்குப் பத்தாம் வகுப்போட முடிஞ்சுபோச்சு. என் பொண்ணு இப்ப பத்தாவது. காலாண்டுத் தேர்வுத் தாள் வெள்ளிக்கிழமை கைக்கு வந்துச்சு. அதுல இரண்டு மதிப்பெண் கணக்கு ஒண்ணு:

"3.011 × 10²³ கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகளின் நிறையைக் கணக்கிடுக."

அவ எழுதினது: கார்பன் 12, ஆக்சிஜன் 16 இரண்டு தடவை, மொத்தம் 44. பிறகு 44 × 3.011 × 10²³ = 132.484 × 10²³ கிராம். அது மேல சிவப்பு மையில ஒரு கோடு, ஓரத்துல பூஜ்யம். வேற ஒரு வார்த்தை எழுதலை. சரியான விடை 22 கிராம்னு பக்கத்து பெஞ்சுப் பிள்ளையோட தாளைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டா.

அவ என்கிட்ட கேக்கறது இதுதான்: "ஒரு பேனா பத்து ரூபாய்னா அஞ்சு பேனா அம்பது ரூபாய். ஒரு மூலக்கூறு 44-னா இத்தனை மூலக்கூறுக்குப் பெருக்கத்தானேம்மா செய்யணும்?" எனக்கும் அது சரியாத்தான் படுது. வழிமுறையை மனப்பாடம் பண்ணுன்னு சொல்லி அவளை அனுப்ப எனக்கு மனசு வரலை. யாராவது விளக்க முடியுமா?

இரவுப்பறவை | இரவு 9.58

அக்கா, இது ரொம்ப ஈஸி. ரெண்டே வரி.
மோல் = எண்ணிக்கை ÷ அவகாட்ரோ எண் (6.022 × 10²³)
நிறை = மோல் × மூலக்கூறு நிறை

3.011 × 10²³ ÷ 6.022 × 10²³ = 0.5. அப்புறம் 0.5 × 44 = 22. முடிஞ்சது.

இன்னொரு டிப்ஸ்: பரீட்சையில 3.011 வந்தா அரை மோல், 1.5055 வந்தா கால் மோல், 12.044 வந்தா ரெண்டு, 18.066 வந்தா மூணு. இந்த நாலையும் பாத்து வெச்சுக்கிட்டா வகுக்கவே வேண்டாம். நான் நீட் படிக்கிறேன், எங்க கோச்சிங்ல இப்படித்தான் சொல்லித் தந்தாங்க.

சுண்ணாம்புக்கட்டி | இரவு 10.20

தம்பி சொன்ன வழி சரி. ஆனால் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. "ஏன் பெருக்கக் கூடாது" என்று கேட்கிறாள். "இப்படி வகு" என்று சொன்னால் அவளுக்கு இன்னொரு மனப்பாடம்தான் மிஞ்சும்.

நான் 31 ஆண்டு பள்ளியில் வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவன். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் விழுகிற இடம் ஒன்றே ஒன்று. 44 கிராம் என்பது ஒரு மூலக்கூறின் நிறை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது ஒரு மூலக்கூறின் நிறை அல்ல. ஒரு மோல் மூலக்கூறுகளின் நிறை, அதாவது 6.022 × 10²³ மூலக்கூறுகளை ஒன்றாகச் சேர்த்துத் தராசில் வைத்தால் வருவது. பேனா உதாரணத்திலேயே சொல்கிறேன்: பத்து ரூபாய் ஒரு பேனாவின் விலை இல்லை, ஒரு பெட்டியின் விலை. பெட்டிக்குள் எத்தனை பேனா என்பதுதான் அவகாட்ரோ எண். கடைக்காரர் பெட்டி விலை சொல்கிறார், நீங்கள் பேனாவை எண்ணிக்கொண்டு நிற்கிறீர்கள். முதலில் எத்தனை பெட்டி என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் வகுத்தல்.

அம்மா, அவளுடைய விடையை ஒரு தடவை கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். 132.484 × 10²³ கிராம் என்றால் 1.32 × 10²⁵ கிராம். நிலாவின் நிறை 7.35 × 10²⁵ கிராம். அவள் சொல்கிற வாயு நிலாவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு! உண்மையில் அந்த 22 கிராம் கார்பன் டைஆக்சைடு சாதாரண அறை வெப்பத்தில் சுமார் 12 லிட்டர் இடம் பிடிக்கும். வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணீர் கேனில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

ஆணிக்கடை | இரவு 10.41

நான் வேதியியல் ஆளில்லைங்க. போல்ட், நட்டு, வாஷர் விக்கிற கடை வெச்சிருக்கேன். இதைப் படிச்சதும் எங்க கல்லாப்பெட்டிப் பக்கம் தினமும் நடக்கிற கதையாட்டம் இருந்துச்சு, அதான் எழுதறேன்.

மில்லுக்காரர் வந்து 1,200 வாஷர் கேப்பாருங்க. ஒவ்வொண்ணா எண்ணினா அன்னிக்குப் பொழுது போயிரும். முதல்ல 100 வாஷர் எண்ணித் தராசுல போடுவோம். 250 கிராம் காட்டுதுன்னு வெச்சுக்கோங்க. 1,200-ல எத்தனை நூறு? பன்னெண்டு. பன்னெண்டு தடவை 250, மூணு கிலோ. மூட்டையிலிருந்து மூணு கிலோ அள்ளிப் போட்டாப் போச்சு. கணக்கு ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கும், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

புதுசா வேலைக்கு வந்த பையன் ஒருத்தன் 1,200-ஐயும் 250-ஐயும் பெருக்கி 300 கிலோன்னு பில் போட்டுட்டான். உங்க பாப்பா செஞ்சது அச்சு அசல் அதேதாங்க. நூறு வாஷரோட எடையை ஒரு வாஷரோட எடைன்னு நெனச்சுட்டான். பையன் கெட்டிக்காரன், ஒருக்கா தராசுல போட்டுக் காமிச்சேன், அப்புறம் தப்பு பண்ணலை.

மழைத்தூறல் | இரவு 10.55

அண்ணா, உங்க வாஷர் கணக்கை அவகிட்ட சத்தமாப் படிச்சுக் காட்டினேன். "ஓ, 250-ங்கறது 44, நூறுங்கறது 6.022-ஆ?"ன்னு எழுந்து உக்காந்துட்டா. நாளைக்குப் பள்ளிக்கூடம், தூங்க அனுப்பணும், ஆனா அனுப்ப மனசில்லை. சார், உங்க நிலா கணக்கைப் பாத்து வாயைப் பொத்திக்கிட்டா.

ஆனா உடனே அடுத்த கேள்வி. "அப்ப புத்தகத்துல ஒரு மூலக்கூறின் நிறை 44-னு ஏன் போட்டிருக்கு?"

ஆய்வுக்கூடம்7 | இரவு 11.30

இதற்காகத்தான் நான் எழுத வந்தேன். நான் இயற்பியலில் ஆய்வு மாணவன். அந்தப் பெண்ணின் விடை தப்பே இல்லை என்று நினைக்கிறேன். "கிராம்" என்ற ஒரு சொல் மட்டும்தான் தப்பு.

புத்தகத்தில் ஒரு மூலக்கூறின் நிறை 44 என்று இருப்பதும் உண்மை. ஆனால் அது 44 கிராம் இல்லை, 44 அணு நிறை அலகு. ஓர் அணு நிறை அலகு என்பது கார்பன்-12 அணு ஒன்றின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கிராமில் 1.6605 × 10⁻²⁴. புள்ளிக்குப் பிறகு 23 பூஜ்யம் போட்டு அப்புறம்தான் 1 வரும், அவ்வளவு சின்னது.

அவள் செய்தபடியே பெருக்குங்கள்: 44 × 3.011 × 10²³ = 1.32484 × 10²⁵ அணு நிறை அலகு. இது முழுக்கச் சரியான விடை. இப்போது இதைக் கிராமாக மாற்றுங்கள்: 1.32484 × 10²⁵ × 1.6605 × 10⁻²⁴ = 22.0 கிராம். வந்துவிட்டது! பேனா கணக்கு பொய்யாகவில்லை. பேனாவின் விலை பத்துப் பைசா என்று இருந்ததை அவள் பத்து ரூபாய் என்று எழுதிவிட்டாள், அவ்வளவுதான்.

ஒரே எண் 44 இரண்டு இடத்திலும் வருவது தற்செயல் இல்லை. ஒரு மூலக்கூறுக்கு 44 அணு நிறை அலகு, ஒரு மோலுக்கு 44 கிராம். அப்படி இரண்டும் ஒத்துப்போகும்படிதான் அவகாட்ரோ எண்ணையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 1-ஐ 6.022 × 10²³-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.6605 × 10⁻²⁴ வரும். எனக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகுதான் புரிந்தது. புரிந்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பனங்கூடல் | திங்கள் காலை 6.15

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நானும் பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள்தான். எங்கட பாடப் புத்தகத்தில சொல் வேற. நிறை எண்டதை நாங்கள் திணிவு எண்டுவம், மோலை மூல் எண்டுவம், நீங்கள் அவகாட்ரோ எண் எண்டுறதை அவகாதரோ மாறிலி எண்டுவம், கார்பன் டைஆக்சைடு எங்களுக்குக் காபனீரொட்சைட்டு. ஆனா பிள்ளையளுக்கு வாற தடுமாற்றம் ரெண்டு கரையிலயும் ஒண்டுதான்.

ஒரு விசயத்தில எங்கட சொல் உதவி செய்யுது எண்டு நினைக்கிறன். இந்த 44-ஐ நாங்கள் "சார் மூலக்கூற்றுத் திணிவு" எண்டு சொல்லுவம். அந்தச் "சார்" எண்ட சொல்லைத்தான் நான் கரும்பலகையில பெரிசா எழுதுறது. அது வெறும் ஒப்பீடு. ஒரு காபன்-12 அணுவின்ர பன்னிரண்டில ஒரு பங்கோட ஒப்பிட்டால் எத்தனை மடங்கு எண்டதுதான் 44. கிராமும் இல்லை, அலகும் இல்லை. ஒரு மூல் அளவு எடுத்து நிறுக்கிற நேரம்தான் கிராம் வருது. அப்ப அதுக்கு வேற பேர், மூலர்த் திணிவு. பேர் ரெண்டாக இருக்கிறபடியால் பிள்ளையள் கொஞ்சம் நிண்டு யோசிப்பினம்.

சுண்ணாம்புக்கட்டி | காலை 7.05

ஐயா, அருமை. எங்கள் பக்கத்தில் "மூலக்கூறு நிறை" என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் புழங்கிவிடுகிறோம். "கிராம் மூலக்கூறு நிறை" என்று தனியாக ஒன்று உண்டு, ஆனால் வகுப்பில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. இத்தனை ஆண்டும் என் வாய் அதைச் சுருக்கித்தான் சொல்லியிருக்கிறது.

ஆய்வு மாணவர் தம்பி காட்டிய வழியையும் காலையில் எழுந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இந்தத் தப்பை ஆயிரம் தாளிலாவது அடித்திருப்பேன். அலகை மாற்றினால் அதுவே சரியாகும் என்று ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்ததில்லை.

மதிப்பெண் பற்றி: என் கையில் தாள் வந்திருந்தால் இரண்டில் ஒன்று கொடுத்திருப்பேன். 44-ஐச் சரியாகக் கூட்டியதற்கு அது அவளுக்குச் சேர வேண்டியது. பூஜ்யம் போட்டது நியாயம் இல்லை.

இரவுப்பறவை | காலை 7.30

சார், நான் இதுல மாறுபடறேன். நீட்ல பாதி மதிப்பெண் கிடையாது, தப்புன்னா மைனஸ் 1. அலகுதான் இந்தக் கணக்கோட உயிரே. அதுல தப்பினவங்களுக்கு பத்தாவதுலயே பூஜ்யம் போட்டா பின்னாடி தப்பிப்பாங்க.

சுண்ணாம்புக்கட்டி | காலை 7.48

தம்பி, போட்டித் தேர்வு ஆயிரக்கணக்கான பேரை வரிசைப்படுத்த வைப்பது. காலாண்டுத் தேர்வு பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று ஆசிரியர் பார்ப்பதற்கு. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் பிடித்தால் அவள் எது வரை சரியாக வந்தாள் என்பதே யாருக்கும் தெரியாமல் போகும். ஒரு வரி, "கிராம் அல்ல, அணு நிறை அலகு" என்று எழுதியிருந்தால் இந்த அம்மா இங்கே வந்திருக்க வேண்டியதே இல்லை.

உங்கள் 3.011, 1.5055 குறுக்குவழி பற்றியும் ஒரு வார்த்தை. கேள்வித்தாள் எழுதுகிறவர் மனமிரங்கி அழகான எண் கொடுக்கும் வரைதான் அது ஓடும். 2 × 10²² அம்மோனியா மூலக்கூறுகள் என்று கொடுத்துப் பாருங்கள். அம்மா, முடிந்தால் பாப்பாவிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். ஒரு மூலக்கூறில் நைட்ரஜன் ஒன்று, ஹைட்ரஜன் மூன்று. நைட்ரஜன் 14, ஹைட்ரஜன் 1.

இரவுப்பறவை | காலை 7.55

சரி சார், ஒத்துக்கறேன். அப்படியே இன்னொண்ணும் சொல்லிடறேன், இது என் சொந்த அனுபவம். செல்போன் கால்குலேட்டர்ல 3.011 × 10^23 ÷ 6.022 × 10^23-னு அப்படியே வரிசையா அடிச்சா 5 × 10⁴⁵ வரும். அது 6.022-ஆல மட்டும் வகுத்துட்டு, கடைசி 10²³-ஐப் பெருக்கிடும். கீழ இருக்கறதை அடைப்புக்குறிக்குள்ள போடணும். பொதுத்தேர்வுல கால்குலேட்டர் கிடையாது, அதனால அடுக்கைத் தனியா, எண்ணைத் தனியாப் பிரிச்சுக் கையால போடப் பழகறதுதான் நல்லது.

லேப் அக்கா | மதியம் 1.20

சாப்பாட்டு இடைவேளையில படிச்சேன். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்துல வேலை செய்யறேன். எண்ணிக்கையை நிறையா மாத்தறது பாடப் புத்தகத்தோட போற விஷயம் இல்லைன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க, வாராவாரம் எனக்கு இது வருது.

நம்ம ஊர்ல சர்க்கரை அளவு 100, 130-னு வரும். அது ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ்னு சொல்ற எண், அதாவது நிறை. லண்டன்லயும் கனடாவுலயும் 5.6, 7.2-னு வரும். அது ஒரு லிட்டர்ல எத்தனை மில்லிமோல்னு சொல்ற எண், அதாவது மூலக்கூறுகளோட எண்ணிக்கை. கனடாவுல இருந்து லீவுக்கு வந்த பெரியவர் ஒருத்தர் எங்க ரிப்போர்ட்டைப் பாத்து, "அங்க ஏழு, இங்க நூத்தி முப்பதா?"ன்னு நாற்காலியில அப்படியே உக்காந்துட்டார். கை நடுங்குச்சு. அவர் பையில இருந்த பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பாத்தேன், 7.2. பதினெட்டால பெருக்கி எழுதிக் காட்டினேன்: 129.6. ரெண்டும் ஒரே சர்க்கரை.

அந்தப் பதினெட்டு எங்கிருந்து வருதுன்னா, குளுக்கோஸோட ஒரு மோல் 180 கிராம். ஒரு மில்லிமோல் 180 மில்லிகிராம். அது ஒரு லிட்டருக்கு. ஒரு டெசிலிட்டர்ங்கறது லிட்டர்ல பத்துல ஒண்ணு, அதனால 18. ஒரு எச்சரிக்கை: இந்தப் பதினெட்டு குளுக்கோஸுக்கு மட்டும்தான். கொலஸ்ட்ராலுக்கு அதோட மோல் நிறை வேற, அதனால பெருக்கற எண்ணும் வேற.

மழைத்தூறல் | மாலை 6.50

எல்லாருக்கும் நன்றி. பள்ளிவிட்டு வந்ததும் எல்லாத்தையும் அவளே படிச்சா. அப்புறம் சமையல் மேடைக்குப் போய் இருமல் சிரப் மூடியை எடுத்துட்டு வந்தா. அதுல 15 மில்லி வரை கோடு இருக்கு. ஒரு தடவை 15, அடுத்த தடவை 2.5 கோட்டுக்குக் கொஞ்சம் மேல வரை, கண்ணை மூடியோட மட்டத்துக்குக் கொண்டுவந்து பாத்துப் பாத்து ஊத்தினா. எவர்சில்வர் தம்ளர் அடியில 18 மில்லி தண்ணி. "ஹைட்ரஜன் 1 ரெண்டு தடவை, ஆக்சிஜன் 16, மொத்தம் 18. 18 மில்லி தண்ணி 18 கிராம். இது ஒரு மோல்மா. இதுக்குள்ள 6.022 × 10²³ இருக்கு." ரெண்டு வாய்க்குக் கூட வராது அந்தத் தண்ணி. ரொம்ப நேரம் தம்ளரைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா. கீழ ஊத்த விடலை.

கேள்வி: "இதை யாரும்மா எண்ணினாங்க?"

ஆய்வுக்கூடம்7 | இரவு 8.10

ரொம்ப நல்ல கேள்வி, ஏனென்றால் அவகாட்ரோ எண்ணவில்லை! ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம் என்று 1811-ல் அவர் சொன்னார். எவ்வளவு எண்ணிக்கை என்று தெரியாமலே 1856-ல் இறந்துபோனார். மூலக்கூறின் அளவை முதன்முதலில் ஓரளவு கணித்தவர் லாஷ்மிட், 1865-ல். பிறகு பிரான்சின் ஜான் பெரென், மஞ்சள் பிசின் ஒன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகள் செய்து தண்ணீரில் விட்டார். அடியில் எத்தனை, கொஞ்சம் மேலே எத்தனை என்று நுண்ணோக்கியில் பொறுமையாக எண்ணினார். அதிலிருந்து இந்த எண்ணைக் கணக்கிட்டு, 1909-ல் அவகாட்ரோவின் பெயரையும் சூட்டினார். 1926-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போதைய எண் வந்த வழி ஆணிக்கடை அண்ணனுக்குப் பிடிக்கும். சிலிக்கானில் ஏறக்குறைய ஒரு கிலோ எடையில் பளபளவென்று ஓர் உருண்டை செய்தார்கள். உள்ளே அணுக்கள் அடுக்கி வைத்த செங்கல் மாதிரி ஒழுங்காக இருக்கும். கொத்தனார் செங்கல்லை ஒவ்வொன்றாக எண்ணுவாரா? அடுக்கின் நீளம், அகலம், உயரம், ஒரு கல்லின் அளவு, அவ்வளவு போதும். அதே மாதிரி உருண்டையின் கன அளவை அளந்தார்கள், உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கட்டத்தின் அளவை எக்ஸ் கதிரால் அளந்தார்கள். ஒரு கட்டத்துக்கு எட்டு அணு. வகுத்துப் பெருக்கினால் எண்ணிக்கை. 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்று நிலையாக வைத்துவிட்டார்கள். இனி அது மாறாது.

சுண்ணாம்புக்கட்டி | இரவு 8.25

எங்கள் காலத்துப் புத்தகத்தில் 6.023 என்று இருக்கும். வீட்டில் பழைய கைடு இருந்தால் பாப்பா குழம்ப வேண்டாம், 6.022 என்றே போடட்டும். அம்மோனியா கணக்கு என்ன ஆயிற்று?

மழைத்தூறல் | இரவு 9.05

சார், முடிச்சுட்டா. முதல்ல 2-ஐ 6.022-ஆல வகுத்து 0.332. பிறகு 10²²-ஐ 10²³-ஆல வகுக்கும்போது அவசரத்துல 10-னு எடுத்துட்டா. 3.32 மோல், பதினேழால பெருக்கி 56.4 கிராம்னு எழுதினா. நான் சரிபாக்கத் தெரியாம சும்மா பக்கத்துல உக்காந்திருந்தேன். அடிக்கோடு போடப்போனவ நிறுத்திட்டா. "பெட்டியில இருக்கறதே 6.022 × 10²³. என்கிட்ட அதைவிடக் கம்மியாத்தானே இருக்கு? அப்ப 17-ஐ விட எப்படிமா கூட வரும்?"னு ரப்பரை எடுத்தா. 10⁻¹-னு திருத்தி, 0.0332 மோல், 0.564 கிராம்.

அடுத்து சாதா உப்புக்கு ஒரு கணக்கு புத்தகத்துல இருக்கு. சோடியம் 23, குளோரின் 35.5, மொத்தம் 58.5. "சோடியம் குளோரைடு மூலக்கூறுகள்"னு எழுதலாமான்னு கேக்கறா.

சுண்ணாம்புக்கட்டி | இரவு 9.18

0.564 சரி. அம்மோனியாவுக்கு முழு மதிப்பெண்.

உப்பில் மூலக்கூறு கிடையாது என்று சொல்லுங்கள். கல் உப்பு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். எது யாருடைய ஜோடி என்று பிரித்துக் காட்ட முடியாது. அதனால் ஒரு சோடியம், ஒரு குளோரைடு என்ற கணக்கை "வாய்பாட்டு அலகு" என்று எழுதட்டும். கணக்குப் போடும் முறை அதேதான்: 6.022 × 10²³ வாய்பாட்டு அலகுக்கு 58.5 கிராம்.